நடுநிலைப் பள்ளியைத் தரம் உயர்த்தினால் காலை 7.50 பஸ் என்ன ஆகும்?

ராகிக்காடு கேட்டது:

வணக்கம். தருமபுரி மாவட்டத்தில் மலையடிவாரத்து ஊர் எங்களுடையது. ஊர்ப்பெயர் வேண்டாம், படிக்கிற நாலு பேருக்குத் தெரிந்துவிடும். எங்கள் அரசு நடுநிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நான் இருக்கிறேன். எனக்கு இரண்டு பெண்கள். பெரியவள் ஒன்பதாவது, சின்னவள் எட்டாவது.

பள்ளியை உயர்நிலைப் பள்ளியாகத் தரம் உயர்த்தக் கேட்டு கருத்துரு அனுப்பப் போகிறோம். பங்குத்தொகைக்கு வீட்டுக்கு ஐந்நூறு வசூல் செய்தோம். மிச்சத்தை பெங்களூரில் கட்டட வேலை செய்கிற பையன்கள் போட்டார்கள். இடமும் இருக்கிறது. எல்லாரும் சந்தோஷமாக இருந்தபோதுதான் எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் கேட்டார்: "பள்ளிக்கூடம் இங்க வந்துட்டா 7.50 பஸ்ஸ நிறுத்திடுவானே, யோசிச்சீங்களா?" அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை.

நிலவரத்தைச் சொல்கிறேன். எங்கள் ஊர்தான் பஸ்ஸுக்குக் கடைசி ஊர். இங்கிருந்து 6.5 கி.மீ.யில் ஒரு கூட்டுரோடு, அங்கே உயர்நிலைப் பள்ளி. அதையும் தாண்டி 11 கி.மீ.யில் டவுன், அங்கே மேல்நிலைப் பள்ளி. ராத்திரி தங்குகிற ஹால்ட் பஸ் ஒன்றுதான் எங்களுக்கு. காலை 6.10க்குப் போகும், 7.42க்குத் திரும்பி வரும், 7.50க்கு மறுபடி போகும். சாயங்காலம் டவுனில் 4.55க்குக் கிளம்பி, கூட்டுரோட்டுக்கு 5.15, எங்கள் ஊருக்கு 5.35. எங்கள் ஊரிலிருந்து 5.40க்குத் திரும்பக் கிளம்பிப் போனால் ராத்திரி எட்டரைக்குத்தான் ஹால்ட்டுக்கு வரும்.

7.50இல் எங்கள் ஊரிலிருந்து ஒன்பது, பத்து படிக்கிற பிள்ளைகள் 38 பேர் ஏறுகிறார்கள். பதினொன்று, பன்னிரண்டுக்கு டவுன் போகிறவர்கள் 13 பேர். அப்புறம் கல்லூரிப் பிள்ளைகள், சந்தைக்குப் போகிற பெண்கள். இந்த 38 பேர் ஒரே நாளில் குறைந்தால் "கூட்டமில்லை" என்று நடையை வெட்டிவிட்டால் அந்த 13 பேர் கதி? கொரோனாவில் நிறுத்திய மதியம் ஒரு மணி பஸ் இன்றுவரை திரும்பி வரவில்லை.

இன்னொன்று. எங்களுக்கும் கூட்டுரோட்டுக்கும் நடுவில் 3 கி.மீ.யில் ஒரு ஊர் இருக்கிறது. அவர்களுக்கு நாங்கள்தான் கொஞ்சம் பக்கம். அந்த 11 பிள்ளைகளும் எங்கள் பள்ளிக்கு வருவார்கள் என்று கருத்துருவில் எழுதச் சொல்கிறார்கள். எதில் வருவார்கள்? காலையில் பஸ் எல்லாம் வெளியேதானே போகிறது? மலைப்பக்கம் 4 கி.மீ.யில் ஒரு சிற்றூர் வேறு இருக்கிறது. அங்கே 9 பிள்ளைகள், நடுவில் ஓடை, ரோடு பாதிதான்.

தூரக் கணக்கிலும் குழப்பம். பக்கத்து உயர்நிலைப் பள்ளி 5 கி.மீ.க்கு மேல் இருந்தால்தான் தரம் உயர்த்துவார்களாம். கூட்டுரோடு ரோட்டு வழியாக 6.5. ஆனால் கல்வி அலுவலகத்தில் கம்ப்யூட்டரில் கோடு போட்டுப் பார்த்து "4.7தான் வருது, 5க்குள்ள இருக்கே" என்கிறார்கள். அந்தக் கோடு ஏரித் தண்ணீருக்கு மேல் போகிறது! இந்த மாதிரி அனுபவப்பட்டவர்கள் யாராவது வழி சொல்லுங்கள்.

---

பழைய டைம்கீப்பர்:

அம்மா, நான் கண்டக்டராகச் சேர்ந்து 31 வருடம் அரசு பஸ்ஸில் இருந்தவன். கடைசி ஒன்பது வருடம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். உங்கள் மாவட்டம் இல்லை, ஆனால் டிப்போ எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான்.

முதலில் உங்கள் பயத்தைப் பாதி குறைக்கிறேன். பாஸ் வைத்திருக்கும் பிள்ளைக்குக் கண்டக்டர் சீட்டு அடிப்பதில்லை. வண்டியில் 38 பிள்ளைகள் படிக்கட்டு வரை தொங்கினாலும் டிப்போ கணக்கில் அவர்கள் இல்லை. நடையை வெட்டலாமா என்று பார்க்கிறவர் கலெக்ஷனைப் பார்ப்பார். அதில் உங்கள் 38 பேர் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். சந்தைக்குப் போகிற பெண்களுக்கு 2021இலிருந்து டவுன் பஸ்ஸில் காசு இல்லை, ஆனால் அவர்களுக்குக் கட்டணமில்லாச் சீட்டு அடிக்கிறோம், ஆள் கணக்கு ஏறுகிறது. அதனால் 7.50ஐக் காப்பாற்றப் போவது உங்கள் ஊர்த் தக்காளிக் கூடைதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே காரணத்துக்காக டிப்போவுக்கு எழுதும்போது "மாணவர்கள் பலர்" என்று எழுதாதீர்கள். எத்தனை பிள்ளை, எந்த வகுப்பு, எந்த நிறுத்தம் என்று எண்ணிக்கை போடுங்கள். அவர்களிடம் இல்லாத கணக்கு அது.

இரண்டாவது, பஸ்ஸை நீங்கள் ஊரிலிருந்து பார்க்கிறீர்கள். டிப்போவில் ஊருக்கு ஒரு பஸ் என்று கிடையாது. ஒரு வண்டிக்கு நாளுக்கு இத்தனை நடை. உங்கள் 7.50 வண்டி எட்டரைக்கு டவுனில் ஆளை இறக்கிவிட்டு நிற்காது, வேறொரு ஊருக்கு ஓடும். அந்த ஊரிலும் பள்ளிக்கூடம் இருக்கும். "பத்து நிமிடம் தள்ளிப் போடுங்கள்" என்று நீங்கள் மனு கொடுத்தால் அந்த ஊர்ப் பிள்ளை பத்து நிமிடம் லேட்டாகும். பள்ளி நேரத்துக்கு பஸ்ஸை மாற்றுவது கஷ்டம். பஸ் நேரத்துக்குப் பள்ளியைக் கொஞ்சம் மாற்றுவது சுலபம். இதை எந்தத் தலைமை ஆசிரியரும் ஒப்புக்கொண்டு நான் பார்த்ததில்லை, அது வேறு விஷயம்.

இப்போது உங்கள் கணக்கைப் பாருங்கள். "காலையில் எல்லாம் வெளியேதான் போகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். தப்பு. 7.42க்கு உங்கள் ஊருக்குள் வருகிற வண்டி எந்த வழியாக வருகிறது? அந்த நடு ஊரை 7.33 சுமாருக்குத் தாண்டித்தானே வருகிறது? அந்த 11 பிள்ளைகளும் அதில் வரலாம். வெறும் வண்டியாக வரும், உட்கார்ந்துகொண்டே வரலாம். பிரச்சினை என்னவென்றால் பள்ளி ஒன்பது மணிக்கு மேல்தான். ஒரு மணி நேரத்துக்கு மேல் திண்ணையில் உட்கார வேண்டும். அதற்குத்தான் சொல்கிறேன், பத்தாம் வகுப்புச் சிறப்பு வகுப்பைப் பல பள்ளிகளில் சாயங்காலம் வைக்கிறார்கள், நீங்கள் காலை எட்டு மணிக்கு வைக்கச் சொல்லுங்கள்.

சாயங்காலம்தான் உண்மையான தொல்லை. உங்கள் பள்ளியில் 4.10க்கு மணி அடித்தால் நடு ஊர்ப் பிள்ளைகளுக்கு 5.40 வரை காத்திருப்பு. டவுனில் 4.55க்குக் கிளம்புவதை 4.30 ஆக்க முடியுமா என்று கேளுங்கள். கூட்டுரோட்டுக்கு 4.50, உங்கள் ஊருக்கு 5.10, திரும்பும்போது 5.15. மேல்நிலைப் பிள்ளைகளும் டவுனில் ஓடி வந்து ஏறிவிடலாம். டிசம்பரில் ஆறு மணிக்கெல்லாம் இருட்ட ஆரம்பிக்கிறது, அந்த 25 நிமிடம் பெரிசு.

எல்லாவற்றையும் ஏப்ரல், மே மாதத்துக்குள் செய்யுங்கள். ஜூனில் பள்ளி திறந்த பிறகு எல்லா ஊரும் ஒரே வாரத்தில் மனுவோடு வரும், கிளை மேலாளர் மேசையில் குவியும். மே 1 கிராம சபையில் தீர்மானம் போட்டு, அதன் நகலை டிப்போவுக்கும் திங்கட்கிழமை ஆட்சியர் மனுநாளிலும் கொடுங்கள்.

---

சாக்பீஸ் தூள்:

டைம்கீப்பர் ஐயா தலைமை ஆசிரியர்களைப் பற்றிச் சொன்னதை ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியையாக நான் பெருந்தன்மையோடு மன்னிக்கிறேன். காலை எட்டு மணிக்குச் சிறப்பு வகுப்பு என்றால் ஆசிரியரும் அதே 7.42 பஸ்ஸில்தான் வர வேண்டும். அவர் டவுனில் குடியிருப்பார். அதையும் கேட்டுக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

ராகிக்காடு, நீங்கள் ஒரு விஷயத்தை விட்டுவிட்டீர்கள். அனுமதி கிடைத்தாலும் முதல் ஆண்டு ஒன்பதாம் வகுப்பு மட்டும்தான் தொடங்கும். பத்தாவது அடுத்த ஆண்டுதான். அப்படியானால் உங்கள் பெரிய பெண் கூட்டுரோட்டுக்குப் போவாள், சின்னவள் உள்ளூரில் படிப்பாள். அந்த ஓர் ஆண்டு முழுவதும் பஸ்ஸுக்கு இரண்டு பக்கமும் வேலை இருக்கிறது. 7.50ஐ எந்த மாற்றமும் இல்லாமல் அந்த ஓராண்டு ஓட்ட வேண்டும் என்பதைத் தீர்மானத்திலேயே எழுதிவிடுங்கள்.

தூரம் பற்றி. கல்வி உரிமைச் சட்டத்தில் வருகிற 1 கி.மீ., 3 கி.மீ. எல்லாம் எட்டாம் வகுப்போடு முடிந்தது. ஒன்பதாவதுக்கு 5 கி.மீ. என்பது 2009இல் இடைநிலைக் கல்வித் திட்டம் வந்தபோது வைத்த அளவு. மேல்நிலைக்கு 7 முதல் 10. இது திட்ட அளவுகோல்தான், பிள்ளை கோர்ட்டுக்குப் போய்க் கேட்கக்கூடிய உரிமை இல்லை. அதனால்தான் கோடு எங்கே போடுகிறார்கள் என்பதில் இவ்வளவு இழுபறி.

நம் ஊரில் வேடிக்கை ஒன்று பாருங்கள். விலையில்லா சைக்கிள் பதினொன்றாம் வகுப்பில் கொடுக்கிறோம். பிள்ளை நிற்பது எட்டாவது முடித்த இடத்தில். பீகாரில் 2006இல் ஒன்பதாவது சேருகிற பெண்களுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தார்கள். கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் அதை ஆராய்ந்தார்கள். அந்த வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த பெண்கள் 32 சதவீதம் கூடியிருந்தார்கள். அந்தக் கூடுதலும் பெரும்பாலும் பள்ளியிலிருந்து 3 கி.மீ.க்கு அப்பால் இருந்த ஊர்களில். உங்கள் நடு ஊர் சரியாக 3 கி.மீ., ரோடும் சமதளம். அந்த 11 பேருக்கு பஸ்ஸை விடச் சைக்கிள் பொருந்தும். ஊரில் பதினொன்றாவது முடித்தவர்கள் வீட்டில் துருப்பிடித்து நிற்கிற சைக்கிள் எத்தனை என்று ஒரு நடை போய் எண்ணிப் பாருங்கள்.

மலை ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் போக்குவரத்து உதவி உண்டு, இப்போது உயர்நிலை வகுப்புக்கும் நீட்டியிருக்கிறார்கள். ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் வரை. 9 பிள்ளைக்கு 54,000, பத்து மாதத்துக்கு மாதம் 5,400. அந்தப் பணத்துக்கு எந்த ஜீப்காரர் மலைரோட்டில் தினம் இரண்டு நடை ஓட்டுவார்? ஓட்டுவார், ஆனால் வழியில் கூலி ஆட்களை ஏற்றிக்கொள்வார். ஒரே ஜீப்பில் இருபது பேர். இதைச் சொல்லாமல் "போக்குவரத்து வசதி செய்யப்படும்" என்று கருத்துருவில் ஒரு வரி எழுதிவிட்டுப் போவது எனக்குப் பிடிக்காத விஷயம்.

இன்னும் ஒன்று, கசப்பானது. உங்கள் 38 பேரும் நடு ஊர் 11 பேரும் வெளியேறினால் கூட்டுரோட்டுப் பள்ளிக்கு என்ன ஆகும்? ஆகஸ்ட் 1 எண்ணிக்கையை வைத்துத்தான் ஆசிரியர் பணியிடம் நிர்ணயம் செய்கிறார்கள். அங்கே ஒரு கணக்கு ஆசிரியர் உபரி என்று போவார். அப்புறம் அந்தக் கூட்டுரோட்டுப் பிள்ளைகளும் டவுனுக்குப் போக ஆரம்பிப்பார்கள். ஒரு பள்ளியைத் திறக்கும்போது இன்னொன்றைக் கொஞ்சம் மூடுகிறோம். திறக்கக் கூடாது என்று சொல்லவில்லை. அந்தப் பள்ளியின் மேலாண்மைக் குழுவோடு ஒரு தடவை உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

---

புளியமரத்தடி:

எங்கள் ஊரில் தரம் உயர்த்தி ஆறு வருடம் ஆகிறது. மேளதாளம் எல்லாம் வைத்தோம். இப்போது ஒன்பது, பத்து சேர்த்து 29 பிள்ளைகள்தான். காரணம் தூரம் இல்லை. காலை ஏழரைக்குத் தனியார் பள்ளியின் மஞ்சள் வேன் வாசலில் வந்து ஹாரன் அடிக்கிறது. அரசுப் பள்ளி ஒரு கிலோமீட்டர், வேன் வாசல்படி. எந்த அம்மாவாக இருந்தாலும் எதில் ஏற்றுவார்? பஸ் மனுவெல்லாம் எழுதுங்கள், ஆனால் எட்டாவது பிள்ளைகளின் பெற்றோரிடம் இப்போதே கையெழுத்து வாங்கி வையுங்கள். நாங்கள் வாங்கவில்லை.

---

மழைக்கோட்டு (இங்கிலாந்து):

என் மகன் இங்கே அரசுப் பள்ளியில் படிக்கிறான். இரண்டு தகவல் மட்டும், உபயோகப்பட்டால் பாருங்கள்.

இங்கிலாந்தில் 8 முதல் 16 வயது வரை, பக்கத்தில் உள்ள பொருத்தமான பள்ளி 3 மைலுக்கு மேல் இருந்தால் உள்ளாட்சி இலவசமாகக் கொண்டுபோய் விட வேண்டும், சட்டம். அது ஏறக்குறைய 4.8 கி.மீ., உங்கள் ஐந்துக்குப் பக்கம்தான். ஆனால் அந்த 3 மைலை நேர்கோட்டில் அளப்பதில்லை. பிள்ளை, தேவைப்பட்டால் பெரியவர் துணையோடு, பாதுகாப்பாக நடந்து போகக்கூடிய வழிகளில் குறுகியதை அளக்கிறார்கள். உங்கள் ஏரி இங்கே இருந்தால் ஏரியைச் சுற்றித்தான் டேப் போகும்.

அப்புறம், மேல் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு வழிப் பயணம் 75 நிமிடத்துக்குள் இருக்கப் பார்க்க வேண்டும் என்று அரசின் வழிகாட்டலில் இருக்கிறது. கிலோமீட்டரோடு நிமிடத்தையும் எழுதுகிறார்கள். உங்கள் பிள்ளைகள் சாயங்காலம் மணி அடித்து வீடு சேர எத்தனை நிமிடம் ஆகிறது என்று கணக்குப் போட்டீர்களா?

---

ராகிக்காடு:

எல்லாருக்கும் நன்றி. பதில் போட மூன்று வாரம் ஆகிவிட்டது, மஞ்சள் வேகவைக்கிற நேரம்.

டைம்கீப்பர் அண்ணா, நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு மூன்று நாள் காலையில் நோட்டோடு பஸ் நிறுத்தத்தில் நின்றேன். 7.42இல் இறங்கியவர்கள் முதல் நாள் ஆறு பேர், இரண்டாம் நாள் நாலு, மூன்றாம் நாள் ஐந்து. பன்னிரண்டு வருடமாக அந்த பஸ்ஸைத் தினமும் பார்க்கிறேன், அது உள்ளே வருகிற பஸ் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. எங்களுக்கு அது போகிற பஸ்தான்.

இங்கிலாந்துத் தம்பி கேட்ட நிமிடக் கணக்கையும் போட்டேன். கூட்டுரோட்டில் 4.15க்கு மணி அடிக்கிறது. என் பெரியவள் வீட்டுக்கு வருவது 5.40. எண்பத்தைந்து நிமிடம், அதில் பஸ்ஸுக்குள் இருப்பது இருபதுதான். சிறப்பு வகுப்பு இருக்கிற நாளில் 5.15 பஸ் போய்விடும். அப்போது அவள் அப்பா வண்டியில் போய்க் கூட்டி வருவார், கூடவே பக்கத்து வீட்டுப் பெண் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு, ஒரே வண்டியில் நாலு பேர். மலை ஊர்ப் பிள்ளைக்கு அதற்கு மேல் 4 கி.மீ. நடை. அங்கே போய்க் கேட்டபோதுதான் தெரிந்தது, 9 பிள்ளை என்று நான் எழுதியதில் மூன்று பெண்கள் போன தீபாவளியோடு நின்றுவிட்டார்கள். பெயர் மட்டும் பதிவேட்டில் இருக்கிறது.

நேர்கோட்டுக் கணக்குக்கு ஒரு வழி செய்தேன். கையால் ஒரு வரைபடம் போட்டு, ஏரியை நீலப் பேனாவால் தீட்டி, ஏரிக்கரை வண்டிப்பாதை எந்த இடத்தில் ஏரி நிரம்பிக் கோடி போகும்போது முழுகும் என்று குறித்து, போன ஐப்பசியில் அதே இடத்தில் என் வீட்டுக்காரர் எடுத்த போட்டோவையும் ஒட்டி, கருத்துருவோடு வைத்தேன். அலுவலர் பார்த்துவிட்டுச் சிரித்தார். ஆனால் 6.5 என்று எழுதிக்கொண்டார்.

கூட்டுரோட்டுப் பள்ளிக் குழுவோடும் பேசினோம் டீச்சர். நல்லபடியாகப் பேசினார்கள் என்று சொல்ல மாட்டேன். அவர்கள் கேட்டது ஒன்றுதான்: நடு ஊர்ப் பிள்ளைகளை எங்களிடமே விடுங்கள் என்றார்கள். அந்த ஊர்க்காரர்களையே முடிவு செய்யச் சொல்லலாம் என்று விட்டிருக்கிறோம். இப்போதைக்கு ஐந்து வீடு எங்கள் பக்கம், நாலு வீடு அந்தப் பக்கம், இரண்டு வீடு வேனைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. சைக்கிளும் எண்ணினேன். எங்கள் ஊரிலும் நடு ஊரிலும் சேர்த்து 17 நிற்கிறது, ஆறில் டயர் இல்லை.

4.30 பஸ்ஸுக்கு மே 1இல் தீர்மானம் வைக்கிறோம். எண்ணிக்கையெல்லாம் வகுப்பு வாரியாக எழுதிவிட்டேன். ஒரு சந்தேகம் அண்ணா, மலை ஊர் ஓடையில் தரைப்பாலம் போட்டால் ஹால்ட் பஸ்ஸைக் காலையில் அங்கிருந்தே எடுக்கச் சொல்ல முடியுமா? எட்டு கிலோமீட்டர் கூடும். அந்த எட்டு கிலோமீட்டரை டிப்போவில் யாரிடம் கேட்க வேண்டும்?